சக்கரம் கேட்டைத் தாண்டாத வரை

மார்ச் 3
மழை. ஷெட்டில் வண்டி, வண்டிக்குள் நாங்கள். ஸ்டியரிங் முன்னால் நான், பக்கத்தில் இவர். பக்கவாதம் வந்ததிலிருந்து இவருடைய வலது கையும் காலும் சொன்னபடி கேட்பதில்லை. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. "மெதுவா விடு. கிளச் அது, உன் தையல் மிஷின் இல்ல." இன்ஜின் ஓடவில்லை, ஓடி எத்தனையோ காலம் ஆகிறது. ஆனாலும் இன்று மலை ஏறினோம். வளைவில் எனக்கு நிஜமாகவே தலை சுற்றியது.

மார்ச் 6
மகன் ஃபோனில் மறுபடி அதே பாட்டு: "அந்தப் பழைய டப்பாவ வித்துடுங்கம்மா." டப்பாவாம்! கிளாசிக் வண்டி என்று சர்க்கார் ஆபீசிலேயே பதிவாகியிருக்கிறது. ஓடாமல் நிற்கிற வண்டி என்று எழுதிக் கொடுத்திருப்பதால் சாலை வரி கிடையாது. இன்சூரன்ஸும் தீக்கும் திருட்டுக்கும் மட்டும்தான். சக்கரம் கேட்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் எல்லாம் ரத்து. செலவில்லை என்பதால்தான் மகன் இதுவரை விட்டுவைத்திருக்கிறான்.

என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. பீரோவில் தூங்குகிறது. வாங்கிய நாளிலிருந்து ரோட்டில் ஓட்டத் துணிந்ததில்லை.

மார்ச் 9
இன்சூரன்ஸ்காரர் புதுப்பிக்கச் சொல்லி ஃபோன் செய்தார். "வண்டி எப்படி இருக்குக்கா?"

"ஜம்முனு இருக்கு. நேத்துகூட கடலுக்குப் போய்ட்டு வந்தோம்."

"கடலுக்கா?" என்று கேட்டார். பிறகு, "நாளைக்கு நேர்ல வரேன்" என்றார். வைத்த பிறகுதான் உறைத்தது. நுணலும் தன் வாயால் கெடும். ஐயோ, ரத்து பண்ணிட்டா? இவருக்கு வெளியே போக வேற என்ன இருக்கு?

மார்ச் 10
வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "பாலம் தாண்டி இடது பக்கம் திரும்பினோம். காத்து உப்பா அடிச்சுது. இவ ஜன்னல மூடவே விடல." இன்சூரன்ஸ்காரரின் முகம் வெளிறிவிட்டது. போச்சுடா என்று நினைத்தேன்.

அவர் குனிந்து பார்த்தார். முன் சக்கரத்திலிருந்து சுவர் வரை சிலந்தி வலை. மீட்டரிலும் போன வருஷம் அவர் குறித்துக்கொண்டு போன அதே எண். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பின் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டு, "நானும் வரலாமா?" என்றார்.

மூன்று பேரும் பாலம் வரை போனோம்.

இறங்கியதும் சொன்னார்: "கிளாசிக் வண்டிக்கு வரி ரொம்பக் கம்மிக்கா. ஞாயித்துக்கிழமை மட்டும் ஓட்டிக்கிற மாதிரி இன்சூரன்ஸும் இருக்கு. எப்படி எழுதட்டும்? நிக்கிற வண்டின்னா, ஓடுற வண்டின்னா?"

வாய் ஓயாத மனிதர் இவர். கண்ணாடி வழியாக எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

மார்ச் 11
பயமாக இருக்கிறது. எங்கயாவது இடிச்சுட்டா? நடுரோட்டுல நின்னுட்டா? ஷெட்டுக்குள் யாரும் குறுக்கே வருவதில்லை. அங்கே என்னைப் போல டிரைவர் உண்டா!

மார்ச் 12
இன்சூரன்ஸ்காரருக்கு ஃபோன் செய்து சொல்லிவிட்டேன். மகனிடம் மூச்சுவிடவில்லை.

மார்ச் 24
மெக்கானிக் வந்து புது பேட்டரி போட்டார். இன்ஜின் இருமியது, தும்மியது, பிறகு பிடித்துக்கொண்டது. இவர் வாசல்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார், கண்ணை மூடிக்கொண்டு.

மார்ச் 29, ஞாயிறு
கேட்டைத் தாண்டினோம்.

தெருமுனையில் இன்ஜின் அணைந்துவிட்டது. பின்னால் ஒரே ஹாரன் சத்தம். கிளச்சைப் பற்றி இப்போது திட்டு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. "அவங்க கத்தட்டும். நீ உன் பாட்டுக்கு எடு" என்றார்.

கடல் வரை போகத் தைரியம் வரவில்லை, பாலம் வரைதான். அங்கே இவர் இடது கையால் ஜன்னலை இறக்கினார். காற்றில் உப்பு இல்லை, வெறும் லாரிப் புகை. அதையே இழுத்து இழுத்துச் சுவாசித்தார்.

"மூடிக்கிறீங்களா?" என்றேன்.

"இருக்கட்டும்" என்றார்.