புயல் செய்தியில் விடுபட்ட வரி

அன்புள்ள அப்பாவுக்கு மதிவதனியின் வணக்கம். முட்டிவலி குறைந்ததா? அம்மா மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்கிறாளா? ஐதராபாத்தில் நான் சுகம்.

போன வாரம் எங்கள் தமிழ் டிவியில் புயல் செய்தியை நான்தான் வாசித்தேன். புயல் கரையைக் கடந்த பிறகு திருவண்ணாமலைப் பக்கம் அதிகனமழை பெய்யும் என்று வானிலை அறிக்கையில் இருந்தது. என்னிடம் வாசிக்கக் கொடுத்ததில் அந்த வரி இல்லை. மறந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு சந்தேகம் வந்து, செய்தி ஆசிரியர் கலையரசனிடம் கேட்டேன்.

"உள்ளூர் மழைய யாரும்மா பார்ப்பாங்க? அலையக் காட்டினா போதும்" என்றார்.

மலையடியில் இருக்கும் நம் வீடு கண்முன் வந்தது. நேரலையில் அந்த வரியைச் சேர்த்து வாசித்துவிட்டேன்.

அன்று போனில் நீங்கள், "பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டோம்மா" என்றபோது பின்னால் நம் ஆடு கத்தியது. இன்னும் வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்று நினைத்து, உங்களையும் நான் நம்பவில்லை. ஆட்டையும் ஓட்டிக்கொண்டு போனீர்கள் என்று அம்மா சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. சமையலறைக்குள் சேறு புகுந்த படத்தை மறுநாள் பார்த்தேன்.

இப்போது வானிலையை வேறொருவர் வாசிக்கிறார். எனக்குச் சினிமாச் செய்தி கொடுத்திருக்கிறார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் வறுத்த மல்லாட்டை கொடுத்தனுப்புங்கள்; இங்கே கிடைக்கும் வேர்க்கடலையில் அந்த ருசி இல்லை. கொடுத்தவுடன் கிளம்பாமல், கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

அலுவலக வண்டி வந்துவிட்டது. டிவியில் நம் ஊர்ப் பெயர் வரவில்லை என்றால் மழை வராது என்று நம்பிவிடாதீர்கள். எனக்குப் போன் செய்யுங்கள். அறிக்கையை முழுதாக வாசித்துச் சொல்கிறேன்.

உங்கள் மகள்,
மதி