கைக்கு அடக்கமானது

7 ஓகஸ்ட் 2004, சனி. மனோர் பார்க்

மகள் பிரமிளாவின் கலியாண அழைப்பிதழ் அச்சாகி வந்தது. நாற்பது வருடம் பத்திரிகையில் இருந்தவனின் வீட்டு அழைப்பிதழில், கோயிலின் பெயரிலேயே ஓர் எழுத்துப் பிழை. அடுத்த மாதம் ஐந்தாம் திகதி மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கு, பன்னிரண்டில் தாலிகட்டு. தாலிக்குப் பொன்னை உருக்கிவிட்டால் பிறகு கலியாணம் நிற்கக்கூடாது. ஏதும் குறை சொல்லக் கிடந்தால் அதற்கு முன் சொல்லிப்போடுங்கோ என்று மனைவி நகுலா பகிடி விட்டாள்.

பின்னேரம் மாப்பிள்ளை ரவீனின் தகப்பன் பாலேந்திரா தோர்ண்டன் ஹீத்திலிருந்து பேசினார். வேளைக்கே ஓய்வுபெற்ற கணக்காளர். இரண்டு வருடமாக ஒரு காற்றுத் துப்பாக்கிக் கழகத்தில் சேர்ந்து இலக்குச் சுடுகிறார். இப்போது சின்னதாக ஒரு பிஸ்டல் வாங்கியிருக்கிறாராம். அடுத்த சனி வந்து சுட்டுப் பார்க்கட்டாம். "சம்மந்தி எண்டால் சாப்பிட மட்டுமே, அண்ணை?" என்றார். போவதாகச் சொன்னேன்.

14 ஓகஸ்ட், சனி

ஒரு தேவாலயத்தின் பின்மண்டபம். சுடுகிறவர்களுக்கு முன்னால் நீள மேசை, பத்து மீற்றர் தள்ளி அட்டை இலக்குகள். இந்த நாட்டில் வெடிமருந்துக் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்து ஏழு வருடமாகிறது. காற்றிலோ வாயுவிலோ இயங்குவதுதான் மிச்சம்.

பிஸ்டலை என் கையில் தந்தார். கறுப்பு. உள்ளங்கையைவிடச் சற்று நீளம். பார்வைக்கு விளையாட்டுச் சாமான், பாரத்தில் அப்படியில்லை. பிடிக்குள்ளே வாயுக் குப்பி. எட்டு ஈயக் குண்டு கொள்ளும். விசை நெடுநேரம் இழுபட்டுச் சட்டென்று விடுபடுகிறது. சத்தம், தடித்த புத்தகமொன்றை மேசையில் போட்டதுபோல. என்னுடைய எட்டில் மூன்று அட்டையில் பட்டன, அதில் ஒன்று பக்கத்து நிலைக்காரரின் அட்டையில். "நீங்கள் பேனையோடயே இருங்கோ அண்ணை" என்று பாலேந்திரா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அவர் இதுவரை பாவித்தது கழகத்தின் பிஸ்டல். முழங்கை நீளம், மரப் பிடி. அதை அவர் புதிதாக எழுதப் பழகும் பிள்ளையைப்போலப் பிடிக்கிறார். சின்னதை அப்படிப் பிடிக்கவில்லை. எட்டும் கறுப்பு வட்டத்துக்குள்.

பிறகு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அட்டை மாற்றுவதற்காகச் சூட்டை நிறுத்தச் சொன்னார்கள். எல்லாரும் பிஸ்டலை மேசையில் வைத்தார்கள். பாலேந்திரா வைக்கவில்லை. சேட்டின் பின்பக்கத்தை உயர்த்தி, முதுகுப் பக்கமாக இடுப்பில் செருகி, சேட்டை இழுத்துவிட்டு, அட்டையை நோக்கி நடந்தார். பொறுப்பாக நின்ற வெள்ளைக்காரர் கத்தினார். பாலேந்திரா நின்று பின்னால் கையை விட்டார். எடுக்க வரவில்லை. பிடி மறுபக்கம் திரும்பியிருந்தது. மூன்றாம் முறைதான் எடுத்தார். முகத்தில் இரத்தம் இல்லை.

"சின்னனாய்க் கிடந்தபடியால் மறந்துபோனன்" என்றார். வீடு வரும்வரை கலியாணச் சமையல்காரனைப் பற்றியே பேசினார்.

15 ஓகஸ்ட், ஞாயிறு

மழை. இரண்டு வருடம் மேசையில் வைத்துப் பழகிய கை. நேற்று அது எந்தப் பழக்கத்துக்குப் போனது?

17 ஓகஸ்ட், செவ்வாய்

பஸ்ஸில் இருந்தபோது பிடிபட்டது. ஆயுதம் வைத்திருப்பவன் தன் கைக்கு வசதியான இடத்தில்தான் செருகுவான். பாலேந்திரா செருகியது தன் கைக்காக அல்ல. பின்னால் இருப்பவனின் கைக்காக.

நகுலாவின் தம்பி குலசேகரம், கோண்டாவிலில், 1986 கார்த்திகையில், வீட்டு ஒழுங்கையில் வைத்துச் சுடப்பட்டான். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தவன். ஏன் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. செய்தியை எழுதியவன் நான். வேலிக்குள் நின்ற ஒரு பெண் சொன்னது நினைவிருக்கிறது: "பின்னுக்கு இருந்தவன், சைக்கிள் ஓடினவன்ர முதுகுக்குள்ள இருந்து எடுத்தவன்." அது அச்சில் வரவில்லை. இனந்தெரியாத இருவர் என்றுதான் வந்தது. அந்தக் காலத்தில் எந்த இயக்கம் என்று ஊருக்கே தெரிந்தாலும் நாங்கள் எல்லாரும் எழுதிய சொல் அதுதான்.

ஆனால் ஒரு பழக்கம் சாட்சியமாகாது. அந்த வருடங்களில் எத்தனை சைக்கிள்கள், எத்தனை முதுகுகள். குலசேகரத்திடம் வந்த சைக்கிள் இவருடையது என்று எதை வைத்துச் சொல்வேன்? ஒன்றுமில்லை.

சோற்றைப் பிசைந்தபடி இருந்தேனாம். காய்ச்சலோ என்று நகுலா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

20 ஓகஸ்ட், வெள்ளி

கேட்டால் பிள்ளையின் கலியாணம் குழம்பும். கேட்காவிட்டால், இருக்கும்வரை நகுலா அந்த மனிசனுக்குச் சோறு போடுவாள், யாருக்குப் போடுகிறோம் என்று தெரியாமல். எது பாரம் கூட? எனக்குத் தெரியேல்லை. தெரியேல்லை.

22 ஓகஸ்ட், ஞாயிறு

ஆர்ச்வே முருகன் கோயில். பூசை முடிந்து வெளியே வந்து மலைச் சரிவில் கொஞ்சத் தூரம் நடந்தோம். கோண்டாவில் குலசேகரத்தைத் தெரியுமா என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

அவர் நடப்பதை நிறுத்தவில்லை. மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்க வேண்டும் என்றும் நினைத்தேன்.

"நான் சுடேல்லை, அண்ணை. சைக்கிள் ஓடினனான்."

வயது அப்போது முப்பத்திரண்டாம். ஆளின் பெயர்கூடச் சொல்லாமல்தான் கூட்டிக்கொண்டு போனார்களாம்.

"அடுத்த நாள் பேப்பரிலதான் பேரைப் பாத்தனான். நீங்கள் எழுதினது. இனந்தெரியாத இருவர் எண்டு கிடந்தது. அதைப் பாத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது."

பெண் பார்க்க வந்த அன்று எங்கள் சுவரில் குலசேகரத்தின் படத்தைக் கண்டிருக்கிறார். எழும்பிப் போகத்தான் நினைத்தாராம். ரவீனும் பிரமிளாவும் அடுப்படியில் சிரித்துக்கொண்டிருந்தார்களாம். அதனால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு இருந்துவிட்டாராம்.

"நீங்கள் என்ன செய்தாலும் சரி, அண்ணை" என்றார். ஆர்ச்வே ஸ்ரேசன்வரை ஒன்றாக நடந்து, வேறு வேறு ரயிலில் வந்தோம்.

24 ஓகஸ்ட், செவ்வாய்

பிரமிளாவிடம் சொன்னேன். கலியாணம் அவளுடையது, முதலில் அவளுக்குத்தான் தெரிய வேண்டும். வேலையால் வந்த உடுப்போடு கட்டிலில் இருந்து கேட்டாள். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை.

"ரவீனுக்கு நான் சொல்லுறன். அம்மாட்ட நீங்கள்தான் சொல்லோணும், அப்பா. டிலே பண்ணாதேங்கோ."

25 ஓகஸ்ட், புதன்

நகுலாவிடம் சொன்னேன். அடுப்பை நிறுத்தினாள். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவன் கடைசியா ஏதும் கதைச்சவனோ?"

அதை நான் பாலேந்திராவிடம் கேட்கவில்லை. அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. அவளுக்கு அது மட்டும்தான் வேண்டியிருந்தது.

26 ஓகஸ்ட், வியாழன்

தொலைபேசியில் கேட்டேன். "முன்னுக்குப் பாத்துக்கொண்டு நிண்டனான், அண்ணை. ஒண்டும் கேக்கேல்லை." அதையே நகுலாவிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள். நம்பினாளோ தெரியாது.

28 ஓகஸ்ட், சனி

காலையில் நகுலா தன் முடிவைச் சொன்னாள். எத்தனை தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாளோ, சொற்கள் தடுமாறவில்லை.

"கலியாணம் நடக்கட்டும். அந்தப் பொடியன் என்ன செய்தவன்? ஆனால் பொன்னுருக்கில பவுண் அந்தாளின்ர கையால போகக்கூடாது. என்ர பிள்ளையின்ர கழுத்தில கிடக்கப் போறது."

எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளையின் தகப்பன்தான் தாலிக்கான பவுணைப் பத்தரிடம் கொடுப்பது. பாலேந்திராவிடம் சொன்னேன். "சரி அண்ணை." அவ்வளவுதான்.

5 செப்டெம்பர், ஞாயிறு. தோர்ண்டன் ஹீத்

பொன்னுருக்கு. பிரமிளா வரக்கூடாது, அது வழக்கம். நகுலாவும் வரவில்லை. வந்தவர்களிடம், பாலேந்திராவுக்குக் காய்ச்சல், பக்கத்துத் தெருவில் சொந்தக்காரர் வீட்டில் படுத்திருக்கிறார் என்று கலாவதி, பாலேந்திராவின் மனைவி, சொல்லிக்கொண்டிருந்தார். சொந்த மகனின் பொன்னுருக்கன்றா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கத் தெரிந்த சனம் நாங்கள்.

கலாவதியின் தமையன் பவுணைக் கொடுத்தார். வரவேற்பறை நடுவில் கம்பளத்தைச் சுருட்டிவிட்டுப் பத்தர் இருந்தார். நெருப்பு மூட்டியதும் புகை அலாரம் அலறத் தொடங்கியது. ரவீன் வேட்டியோடு கதிரையில் ஏறித் துவாயால் விசிறினான். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். கண் சிவந்திருந்தது. புகையாகவும் இருக்கலாம்.

பொன் உருகிய நேரத்தில் நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவின் அந்தப் பக்கம் பாலேந்திராவின் கார் நின்றது. உள்ளே ஆள் இருந்தது.

சாப்பிடாமல் புறப்பட்டேன். கடந்து போயிருக்கலாம். கார்க் கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் இருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. அவர் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார், புது வேட்டி, தலை வாரியிருந்தது.

"பொன் ஒண்டாய்த் திரண்டதே, அண்ணை?" என்று கேட்டார். உடையாமல் ஒரே மணியாகத் திரண்டால் நல்ல சகுனம்.

"ஓம். நல்லாய்த் திரண்டது" என்றேன்.

நான் பார்க்கவில்லை.