தாலி கட்டிய நேரத்தில் நீ எடுத்த படம்

என்ரை குகன் மச்சானுக்கு,

நீ போய்ப் பதினொரு மாதம் ஆகிவிட்டது. ஆண்டு நிறைவில் வருகிற உன் ஆட்டைத் திவசத்துக்குச் சின்னதாய் ஒரு நினைவு மலர் அடிக்கப்போகிறோம். "அண்ணை, நீங்கள்தான் அவரைப் பற்றி எழுத வேணும். இவ்வளவு காலமும் ஒண்டாத் தொழில் செய்தது நீங்கள்தானே" என்று ராஜி சொல்லிவிட்டாள். உன் மனைவியாய்க் கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். என் தங்கையாய்க் கேட்டாள்.

நல்லவன், வல்லவன் என்று நாலு வசனம் எழுதிக் கொடுத்துவிட்டு நான் என் பாட்டில் இருந்திருக்கலாம். இரண்டு தரம் எழுதிக் கிழித்தும் போட்டேன். உனக்குச் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது, மச்சான். அதைத் தனியாய் உன் படத்துக்கு முன்னால் நின்று சொன்னால் போதாது. அந்தப் பொய்யை ஊரறிய எங்கள் ஸ்ரூடியோ முகப்பில் மாட்டி வைத்தவன் நான்.

முதலில் ஊர்ப் புதினத்தைச் சொல்கிறேன். ஸ்ரூடியோ நடக்கிறது. ட்ரோன் இல்லையென்றால் இப்போது யாரும் அட்வான்ஸ் தருவதில்லை, ஆகவே அதையும் வாங்கிவிட்டேன். நீ இருந்திருந்தால் "உதென்னடா, சாமியைச் சுத்துற இலையான் மாதிரி" என்று திட்டியிருப்பாய். ராஜியின் தோட்டக் காணியை உங்கள் இருவரிடமும் வாங்கியவர் தன் மகனிடம் ஜேர்மனிக்குப் போகப்போகிறார். ராஜியிடம் வந்து, "தெரியாத ஆக்களுக்கு விக்கிறதிலும் பார்க்க, பிள்ளை, ஒரு பரப்புக் காணியையாவது நீயே திருப்பி வாங்கு. கிணத்துப் பங்கோடை தாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ராஜிக்கு அதே நினைப்பு. ஒரு பரப்பு இருந்தால் வெங்காயம் வைக்கலாம், மிளகாய் வைக்கலாம், யார் கையையும் பார்க்கத் தேவையில்லை என்கிறாள்.

அதற்குக் காசு வேண்டும். விற்பதற்கு வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது. உன் பெரிய கமரா.

சுவிஸிலிருந்து ஒருவர் வந்திருந்தார். ரவுண் கடைத்தெருவில் பெரிய ஸ்ரூடியோ போடப்போகிறாராம். மீடியம் போர்மற் என்கிற பெரிய ரகக் கமரா ஒன்று இங்கேயே பழசாய்க் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு வந்தவர், கமராவைக் கையில் எடுக்கவேயில்லை. முகப்பில் தொங்குகிற அளவெட்டி ஊர்க் கலியாணப் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். மாப்பிள்ளை தாலி கட்டுகிறான், பொம்பிளை கண்ணைக் கீழே போட்டிருக்கிறாள், கூறைச் சேலையின் ஒவ்வொரு இழையும் தெரிகிறது. "இது இந்தக் கமராவாலை எடுத்ததுதானே அண்ணை?" என்று கேட்டார். "ம்" என்றேன். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் காசோடு வருவதாய்ச் சொல்லிப் போனார்.

அந்த "ம்" எனக்குப் பழக்கமானது, குகன். உன்னோடும் அதைத்தான் செய்தேன்.

அந்தக் கலியாணம் உனக்கு நினைவிருக்கும். கொழும்பில் பழைய கமரா விற்கிறவர் ஒரு கிழமைக்குப் பார்க்கத் தந்த கமரா அது. கோயில் சாமானைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கி வைத்திருந்தாய். "மச்சான், உள்ளுக்கு இருக்கிற சென்சர் எங்கடை கமராவிலை இருக்கிறதிலும் எவ்வளவு பெரிசு தெரியுமே? எங்கடை நிறத்தை எங்கடை நிறமாக் காட்டும்" என்று வழி முழுக்கக் கதைத்தாய். எங்கள் பழைய கமராக்கள் பொம்பிளையைச் சுண்ணாம்பாக்கும் அல்லது கரியாக்கும் என்பது உன் நெடுங்காலக் கோபம். அதில் நியாயம் இருந்தது. நீ முதல் நாள் எடுத்துக் காட்டிய ராஜியின் படத்தில் அவளுடைய நிறத்தை நான் முதன்முதலாய்ப் படத்தில் கண்டேன். சும்மா சொல்லவில்லை.

ஆனால் அது ஆறுதலாய், மெதுவாய் வேலை செய்கிற கமரா. ஒன்றை அமத்தினால் அடுத்ததுக்கு மூச்சு வாங்கும். கிட்ட நின்று எடுத்தால் ஒரு முகம் தெளியும், பக்கத்து முகம் கரைந்துபோகும். கெட்டிமேளம் கொட்டுகிற அந்த நாலு நிமிசத்துக்கு அது ஆகாது, பழைய கமராவை எடு என்று சொன்னேன். "விசர்க்கதை கதையாதை" என்றாய். நான் ஒரு பக்கம் பழைய கமராவோடு நின்றேன், நீ நேரே முன்னால்.

நீ கம்பியூட்டர் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டாய். மெமரி கார்டைக் கழற்றி என் மேசையில் வைத்தால் உன் வேலை முடிந்தது. நான் திறந்து பார்த்தேன். தாலி கட்டும் நேரத்துக்கு உன்னிடம் ஒரேயொரு படம். பொம்பிளையின் முகம் மங்கல், தாலி மங்கல், மாப்பிள்ளையின் கை மங்கல். தெளிவு எல்லாம் பின்னால் நிற்கிற யாரிலோ போய் விழுந்திருந்தது. அப்போது உனக்கு இரத்தத்தில் சீனி கூடிக் கண் மங்குகிறது என்று ராஜி சொல்லியிருந்தாள். கண்ணாடி போடச் சொன்னால், "கமராவுக்குத்தான் கண் இருக்கே, எனக்கேன்" என்று பகிடி விடுவாய். படம் மங்கல் என்று சொன்னால் உன் கண் போய்விட்டது என்று சொன்னது போலாகும். நான் சொல்லவில்லை. என்னுடைய படத்தை, உன் கமராவின் நீள அகலத்துக்கு வெட்டி, அல்பத்தில் வைத்தேன். அல்பம் ஒரே சீராக இருக்க வேண்டுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அல்பம் வந்த அன்று நீ துள்ளிய துள்ளல்! "பாத்தியே மச்சான்! இழை இழையாத் தெரியுது. கொழும்புக்காரன் சும்மாவே இவ்வளவு காசு கேக்கிறான்?" நான் "ம்" என்றேன். நீ அதைப் பெரிதாக அடித்து முகப்பில் மாட்டச் சொன்னாய். மாட்டினேன். அடுத்த மாதம், அந்தக் கமராவை வாங்கவென்று, அப்பா ராஜிக்குச் சீதனமாய் எழுதின சண்டிலிப்பாய்த் தோட்டம் மூன்று பரப்பும் போனது. அந்தக் காசுக்கு இன்னொருவன் வான் வாங்கி ஓடியிருப்பான்.

உனக்குத் தெரியாத ஒன்று. காணியை விற்கக் கையெழுத்துப் போட முதல் ராஜி என்னிடம் வந்தாள். "அவர் ஆசைப்படுறார் அண்ணை. எனக்கு உதுகள் விளங்காது. நீங்கள் சொல்லுங்கோ, உந்தக் கமரா அவ்வளவு திறமே?" என்று கேட்டாள். "அந்தப் படத்தைப் பாத்தனிதானே" என்றேன். பாவி, அதைத்தான் சொன்னேன்.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். "பிள்ளையின்ரை முகத்திலை பரு எல்லாம் தெரியுது தம்பி, கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ" என்று தாய்மார் வந்து நின்றார்கள். "வெள்ளையாக்கவோ? உந்த நிறம் வர நான் எவ்வளவு காசு குடுத்தனான்!" என்று நீ கத்துவாய். அவர்கள் அடுத்த கலியாணத்துக்கு வேறு ஆளைப் பிடிப்பார்கள். கமரா பெட்டிக்குள் இருந்த நாட்கள்தான் கூட. நீ அதைத் துடைத்துத் துடைத்து வைப்பாய். அந்த நேரமெல்லாம் நான் ஏதாவது வேலை சொல்லி வெளியே போய்விடுவேன்.

இப்போது கேள். சனிக்கிழமை காலையில், சுவிஸ்காரருக்குக் கொடுப்பதற்காகக் கமராவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே கார்ட் இருந்தது. போட்டுப் பார்த்தேன். எல்லாம் அழித்திருந்தாய், ஒரேயொரு படம் மட்டும் கிடந்தது. மூலையில் சாவி போலச் சின்னத் திறப்பு அடையாளம். நீயே பூட்டி வைத்திருக்கிறாய்; எல்லாவற்றையும் அழி என்று கொடுத்தாலும் பூட்டின படத்தை அது தொடாது. அளவெட்டி. தாலி கட்டும் நேரம். மங்கலான பொம்பிளை.

அப்படியென்றால் உனக்குத் தெரியும். முகப்பில் தொங்குவது உன் படம் இல்லை என்று தெரிந்துகொண்டே அதற்குக் கீழே இருந்து தேத்தண்ணி குடித்திருக்கிறாய். எப்போது கண்டாய்? காணியை விற்ற பிறகா? விற்க முதலே கண்டாயா? முதலே கண்டிருந்தால் ஏன்ரா வாங்கினாய்? என் வாயால் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாயா? எந்தப் பதிலைப் பிடித்தாலும் என் மனம் ஆறவில்லை.

பிறகுதான் அந்தப் படத்தைக் கம்பியூட்டரில் போட்டுப் பெருப்பித்தேன். அந்த நாளில் பொம்பிளையின் கண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்த படம். பின்னால் நிற்பது பொம்பிளையின் தாய். எல்லோரும் பூவும் அரிசியும் எறிகிறார்கள். அந்த மனிசி எறியவில்லை. கையை மூடிக்கொண்டு நிற்கிறா, விரல் இடுக்கில் ஒரு பூவிதழ் நசிந்திருக்கிறது. மகள் கலியாணம் முடிந்து ஒரு கிழமையில் கனடா போகிறாள் என்று சமையல்காரர்வரை தெரியும். அந்த முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும், கண் மடலில் விழாமல் நிற்கிற தண்ணியும், அவவின் சொந்த நிறத்தில். என் பழைய கமராவால் அதை எடுக்க ஏலாது. என்னாலும் ஏலாது.

நீ அதைத்தான் எடுத்தாயா, குகன்? இல்லை, கை தவறியதுதானா? உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். உன் கண் பழுது என்று நானே முடிவு கட்டி, உனக்கு இரக்கப்பட்டு, உன் படத்துக்கு மேல் என் படத்தை மாட்டிவிட்டேன்.

ராஜியிடம் போனேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். இன்னொரு வெங்காயத்தை எடுத்து உரித்தாள்.

"நான் அவரைக் கேக்கேல்லை அண்ணை. உங்களைத்தான் கேட்டனான்" என்றாள்.

"ஓம்."

"நீங்கள் சொன்னபடியால்தான் கையெழுத்து வைச்சனான்."

"ஓம், பிள்ளை."

அவள் கையைக் கழுவிவிட்டு வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "நாளைக்கு அந்த மனுசன் வந்தால் உதைச் சொல்லிப்போட்டு விலையைக் கதையுங்கோ" என்றாள்.

"சொன்னால் வாங்கமாட்டார். காணி போயிடும்."

"போனாப் போகட்டும். அந்தாளுக்கும் வீட்டிலை ஒருத்தி இருப்பாள்தானே. அவளும் ஆரையாவது கேட்டிருப்பாள்."

ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். சுவிஸ்காரருக்கு முகம் கறுத்துப்போனது. "உதை முதலே சொல்லியிருக்கலாமே அண்ணை. வான் பிடிச்செல்லே வந்தனான்" என்றார். அவருடைய கோபம் நியாயம். இந்தக் கமரா உண்மையாய் எடுத்தது இதுதான் என்று உன் படத்தைத் திறந்து காட்டினேன். கிட்டப் போய் நெடுநேரம் பார்த்தார். தன் தாயை நினைத்தாரோ என்னவோ, மூக்கை உறிஞ்சினார். பிறகு, "படம் திறம். ஆனா உதுக்குக் கலியாண வீட்டுக்காரர் காசு தருவினமே? யோசிச்சுச் சொல்லுறன்" என்று எழும்பிவிட்டார். பத்து நாளாகிறது. ஒரு ரெலிபோன் கோலும் இல்லை. காணிக்காரர் இந்த மாதக் கடைசியில் பயணம். ராஜி என்னோடு தேவைக்கு மட்டும் கதைக்கிறாள்.

முகப்பிலிருந்த என் படத்தைக் கழற்றிவிட்டேன். உன்னுடையதை அதே அளவில் அடிக்கக் கொடுத்திருக்கிறேன். படம் அடிக்கிற கடைப் பொடியன் அழைத்து, "அண்ணை, பொம்பிளை அவுட் ஒஃப் ஃபோகஸ். பிழையான ஃபைலை அனுப்பிப்போட்டியளோ?" என்று கேட்டான். சரியானதுதான், அடி என்றேன்.

அது போதாது என்று எனக்குத் தெரியும். சுவரில் படத்தை மாற்றினால் ராஜிக்குத் தோட்டம் வராது. அப்பா அவளுக்கு எழுதின மூன்று பரப்புக்குப் பக்கத்தில்தான் அப்பா எனக்கு விட்ட முதுசக் காணியும் இருக்கிறது. அதே கிணறு, அதே வாய்க்கால். அதில் ஒரு பரப்பை அவள் பெயருக்கு எழுதப்போகிறேன். காணி உறுதி எழுதுகிறவரோடும் கதைத்துவிட்டேன். கமரா ராஜியிடமே இருக்கட்டும். வைப்பதோ விற்பதோ அவள் பாடு.

ஆனால் பார், மச்சான், என் புத்தியை. என் மனைவி வசந்தியிடம் இன்னும் ஒரு சொல் சொல்லவில்லை. அவளுக்கு அந்தக் காணியில் மகளுக்கு வீடு கட்டும் எண்ணம். எழுதி முடித்துவிட்டுச் சொல்லலாம், பிறகு ஆறுதலாய் விளங்கப்படுத்தலாம் என்று இரண்டு நாளாய் யோசித்துக்கொண்டிருந்தேன். திரும்பவும் அதே "ம்".

இந்த மலர் அச்சுக்குப் போக முதல் அவளுக்குத் தெரிய வேணும். இப்போது குசினிக்குள் தேங்காய் திருவுகிற சத்தம் கேட்கிறது. கத்துவாள், அழுவாள், ஏலாது என்றும் சொல்லக்கூடும். அவள் ஏலாது என்றால் ராஜிக்கு வேறு வழி பார்ப்பேன், ஆனால் மறைத்துச் செய்யமாட்டேன். நீ கேட்டிருந்தால் உனக்கு உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று இப்போதுகூட என்னால் சத்தியம் பண்ண ஏலாது. அதனால்தான் ஒருவரும் கேட்க முதல் எழும்பி வசந்தியிடம் போகிறேன். இது உனக்குத் தருகிற வாக்கு.

உன்ரை ராஜியின் தமையன்,
உன்ரை மச்சான்,
சிவம்