தண்ணீரில் இறங்கிய வெள்ளை நூல்

இன்று காலை ஒருவர் மிளகாய்ச் செடியொன்றை வேரோடு பிடுங்கிப் பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். ஈர மண் வாசனை. இலை பச்சையாகவே துவண்டிருந்தது. உன்னைக் கேட்கலாம் என்று ஃபோனை எடுத்துவிட்டேன். நீ போய் நான்கு மாதம் ஆகிறது.

மலேசியாவில், சிரம்பானில் ஒரே அலுவலகத்தில் பதினொரு வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். விவசாயிகளின் செடிக்கு என்ன நோய், என்ன பூச்சி என்று பார்த்துச் சொல்லும் வேலை.

மணியம் அண்ணன் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து வேலையை விட்டு, அதன் ஓரத்திலேயே மிளகாய் போட்டிருந்தார். செடி வாடுகிறது என்று கூப்பிட்டார். வெயில் காலம். நான் வரப்பில் நின்றபடியே, "தண்ணி பத்தலண்ணே, நல்லா விடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். பத்தே நாளில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது.

அடுத்த முறை நீயும் வந்தாய். ஒரு தண்டை நறுக்கிக் கண்ணாடிக் கிளாஸ் தண்ணீரில் பிடித்தாய். வெட்டிய இடத்திலிருந்து வெள்ளையாக நூல்போல ஏதோ கீழே இறங்கியது. புகையிலையையும் மிளகாயையும் ஒன்றுபோலக் கொல்லும் பாக்டீரியா வாடல். மருந்து கிடையாது. நான் விடச் சொன்ன தண்ணீர்தான் அதை வரிசை வரிசையாகப் பரப்பியிருந்தது.

"நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்" என்றாய்.

சொன்னேன்.

"நீங்க சொன்னபடிதானம்மா செஞ்சேன் லா" என்றார் அண்ணன். அவர் மனைவி வீட்டுக்குள் போய்விட்டார்.

நீ கையுறையை மாட்டிக்கொண்டாய். "பிடுங்கிடலாம்ணே. நாங்களும் வர்றோம்." மாலைவரை மூவரும் பிடுங்கினோம், எரித்தோம், பூட்ஸையும் மண்வெட்டியையும் கழுவினோம். அந்த மண்ணில் அடுத்து அவர் இந்த நோய் தொடாத சோளம் போட்டார், நன்றாக வந்தது. அதன்பிறகு எது கேட்பதென்றாலும் உன்னைத்தான் கூப்பிட்டார். என்னிடம் பேசவேயில்லை.

நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை. தெமியாங்கில் உன் வீட்டு வாசலில் எல்லோரும் அழுதார்கள். நான் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மணியம் அண்ணன் வந்தார். என் கையிலிருந்த நாற்காலியை வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டியாம்மா?" என்றார். இல்லை என்றேன். அப்போதும் அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை.

இப்போதெல்லாம் யார் என்ன கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது, "தெரியலண்ணே, வந்து பார்த்துட்டுச் சொல்றேன்." சொல்லக் கூச்சமாக இல்லை. சொன்னபடி போய், கடைசி வரிசைவரை நடக்கிறேன். பக்கத்தில் நீ நடக்க இடம் விட்டே நடக்கிறேன்.