கார்டு என்கிட்டயேதான் இருக்கும்

அளவற்ற அருளாளன் அல்லாஹ்வின் பெயரால்.

அன்பு மகள் சுமையாவுக்கு அம்மா குன்னூர்லருந்து எழுதுறது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்க ரெண்டு வாரமா மூடுபனியும் தூறலுந்தான், முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு கொறையுமில்ல, தோஹாவுல நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சொகமா இருக்க அஞ்சு வக்துத் தொழுகையிலயும் துஆ கேக்கறேன்.

என் பேங்க் கார்டை அத்தாவோட தம்பி, உங்க சின்னத்தா கமருதீன்கிட்ட குடுத்துடச் சொன்னே. குடுக்க மாட்டேன் கண்ணு. போன்ல அழுகை வந்து வெச்சுட்டேன், அதான் எழுதறேன். உன்னைப் பெத்த அத்தா மவுத்தாகிப் போனதுக்கப்புறம் நான் கண்டதையும் போன்ல ஆர்டர் போட்டு வாங்கினது நெசம், கூரை மாத்த நீ அனுப்பின பணமும் அதுலதான் போச்சு, மறைக்கல. ஆனா எதுக்கு வாங்கினேன்னு ஒருத்தரும் கேக்கல. சாயங்காலம் அஞ்சு மணிக்கு அத்தா டீ பேக்டரியிலருந்து வந்து கதவைத் தட்டுவாங்க. அவங்க போனப்புறம் அந்த நேரத்துக்கு கொரியர்காரர் சில்வஸ்டர் தட்டினார். அந்தத் தட்டுற சத்தத்துக்காகத்தான் வாங்கினேன், பாதிப் பெட்டியைப் பிரிக்கவேயில்ல. ஒருநா பிரிச்சா உள்ள அத்தா அளவுக்கு ரெண்டு ஸ்வெட்டர், எப்ப ஆர்டர் போட்டேன்னே ஞாபகமில்ல. பயந்துபோயி மறுநாளே தனியா பஸ் ஏறி கோயமுத்தூர் போய் மனநல டாக்டர் ஸ்ரீமதியைப் பாத்தேன். இப்ப மாத்திரை சாப்பிடறேன், தூக்கம் வருது.

இது தெரிஞ்சதும் சின்னத்தா ஊட்டுக்கு வந்து, வீண்செலவு செய்யறவங்க ஷைத்தானோட சகோதரர்னு குர்ஆன்லயே இருக்கு, அல்லாஹ் மேல ஈமான் பலமா இருந்தா மனசு ஏன் கெடுது, பைத்தியத்துக்குப் பாக்கற டாக்டர்கிட்ட போனது தெரிஞ்சா குடும்பத்துக்கே கேவலம்னாங்க. அதுக்கு நான், வீண்செலவு தப்புதானுங்க, அல்லாஹ்கிட்ட மன்னிப்புக் கேட்டு தவ்பா செஞ்சாச்சு, நோய்க்கு மருந்து தேடச் சொன்னதும் நம்ம நபிதானுங்க, உங்க சக்கரை மாத்திரைய ஈமான் இல்லாமத்தான் முழுங்கறீங்களான்னு கேட்டேன். டீயைக்கூடத் தொடாம எந்திரிச்சுப் போயிட்டாங்க. போகட்டும்.

அந்த ஷாப்பிங் ஆப்பை நானே அழிச்சேன். கடைக்காரங்க திருப்பி எடுத்துக்கறதை எல்லாம் அனுப்பியாச்சு, ஸ்வெட்டரை அனுப்பல, ஒண்ணை இப்பப் போட்டுட்டுதான் எழுதறேன், தொளதொளன்னு இருக்கு, இருக்கட்டும். போன வெள்ளிக்கிழமை பொம்பளைங்க மஜ்லிஸ் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு எல்லாத்தையும் சொன்னேன். முடிஞ்சதும் மூணு பேர் தனித்தனியா வந்து டாக்டரோட நம்பர் கேட்டாங்க. அதுல ஒருத்தி சின்னத்தா சம்சாரம்.

அல்லாஹ் உங்க ஊட்டுல பரக்கத்தும் மன அமைதியும் தரட்டும், பேரனுக்கு என் முத்தம். ஒண்ணு மட்டும் மறந்துடாதே, அம்மா எப்படியிருக்கான்னு இனிமே சின்னத்தாகிட்ட கேக்காதே, என்கிட்டயே கேளு.

இப்படிக்கு,
புத்தி தெளிவாவே இருக்கற உன் அம்மா,
ஜைத்தூன் பீவி