எண்ணெய் காணாத கீரை

மருமகள் இன்று முருங்கைக்கீரையை உப்புத் தண்ணீரில் வேகவைத்துத் தட்டில் வைத்தாள். எனக்கு ரத்தத்தில் கொழுப்பு கூடிவிட்டதாம். எண்ணெயைக் கையால்கூடத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தாளிக்காத கீரையின் பச்சை வாடை மூக்கில் ஏறியதும் கை அப்படியே நின்றுவிட்டது. ஆயர் குரோவில் மகன் வீட்டில் உட்கார்ந்தபடியே காஜா பேராங்கில் நாம் இருவரும் அடுத்தடுத்த வீட்டில் இருந்த பலகை வீட்டு வரிசைக்குப் போய்விட்டேன். நீ போய்ச் சேர்ந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. நேரில் சொல்ல முடியாமல் போனதை இனி இப்படித்தான் சொல்ல வேண்டும்.

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஆண்ட காலம். அரிசி கண்ணில் படுவதே அபூர்வம். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. கிடைக்கிற கொஞ்சம் தேங்காயெண்ணெயும் விளக்குக்கே போதாது. என் அம்மா கொல்லையில் முருங்கைக்கீரை பறித்து, தண்ணீரில் வேகவைத்து, கீரை இருக்கும்வரை நமக்கு ஒன்றும் வராது என்று தைரியம் சொல்லிப் போடுவாள். முதலில் என் கைகள் தேரைத் தோல் மாதிரி சொரசொரத்துப் போயின. வெயிலிலும் முழுக்கை ரவிக்கை போட்டு மறைத்தேன். பிறகு பொழுது சாயும்போது கண் மங்க ஆரம்பித்தது. விளக்கு எரிவது தெரியும். அதைச் சுற்றி இருப்பது எதுவும் தெரியாது.

யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு இருக்கிற பெண்ணுக்குக் கண் தெரியவில்லை என்ற பேச்சு வெளியே போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இருட்டுவதற்குள் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு போய் ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவேன். சோம்பேறி என்று அம்மா திட்டுவாள். அது எனக்குச் சௌகரியமாகவே இருந்தது.

நீ பக்கத்து வீட்டு மருமகள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், ஆனாலும் நமக்குள் அக்கா தங்கை மரியாதை எதுவும் கிடையாது, 'வாடி, போடி'தான். உன் வீட்டுக்காரர் எஸ்டேட் தோட்டங்களுக்கு லாரி ஓட்டினார். நீ அப்போது தலைப்பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாய்.

பத்து பெரெண்டாம் என்ற ஊரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வேலை முடிந்து வர வேண்டும் என்பதால் அவர்கள் வந்து சேரும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. சர்க்கரையில்லாத காப்பியைத் தட்டில் வைத்து அம்மா என் கையில் கொடுத்தாள். உதவிக்கு வந்திருந்த நீ சமையலறைக் கதவோரம் நின்றாய். கூடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எங்கே பாய் முடிகிறது என்று எதுவும் எனக்குத் தெரியவில்லை. குரல் கேட்ட பக்கமாக நடந்தேன். யாருடைய காலோ தடுக்கியது. காப்பி முழுவதும் மாப்பிள்ளையின் அம்மா மடியில் கவிழ்ந்தது. மன்னிப்புக் கேட்கிறேன் என்று நான் கும்பிட்டது அவர் இல்லாத பக்கம். அதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

"பொண்ணுக்குக் கண்ணு தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார் அந்த அம்மாள். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அவர்கள் போன பிறகு அம்மா காப்பி கொட்டிய பாயைத் துடைத்தாள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். மறுநாள் விடிந்ததும் முந்தானைக்குள் ஒரு போத்தலை மறைத்துக்கொண்டு நீ வந்தாய். ரத்தச் சிவப்பில், காலைக் குளிருக்குப் பாதி உறைந்துபோன செம்பனை எண்ணெய், சுத்தப்படுத்தாத பாமாயில். அதைப் பார்த்ததும் அம்மா முகத்தைச் சுளித்தாள். சோப்புக் காய்ச்சுவதற்கும் இயந்திரத்துக்கும் ஊற்றுவதை மனிதர் தின்பார்களா என்று கேட்டாள். நீ விடவில்லை. பிள்ளைத்தாய்ச்சி என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் உனக்குச் சொன்னதை அம்மாவுக்குச் சொன்னாய்.

"கண்ணுக்கு வேண்டிய சத்து கீரையில இருக்கு அத்தே. ஆனா அது எண்ணெயிலதான் கரையுமாம். எண்ணெ இல்லாம எவ்வளவு தின்னாலும் உடம்புல ஒட்டாது, வந்த வழியே போயிரும். இந்த எண்ணெயில கீரைச் சத்தும் இருக்காம், அதான் இந்தச் செவப்பு."

தோலுக்கும் தாய்ப்பாலுக்கும்கூட எண்ணெய்ச் சத்து வேண்டும் என்று அவர் சொன்னதாகச் சேர்த்துக்கொண்டாய். தாய்ப்பால் என்று சொன்னபோது உன் குரல் தாழ்ந்தது. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

அம்மா அன்று முதல் கீரையை அந்த எண்ணெயில் வதக்கினாள். வதக்கும்முன் ஜன்னலைச் சாத்துவாள். வாடை வெளியே போனால் நம் நிலைமை ஊருக்குத் தெரிந்துவிடுமாம். பிறகு, உன் பிரசவமெல்லாம் முடிந்து வெகு நாள் கழித்து, அந்த எண்ணெய் தெருவில் பரவலாகப் புழங்கத் தொடங்கியபோது, சமையல் நேரத்தில் வரிசை முழுவதும் ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்கும். எல்லோருக்கும் எல்லாம் தெரியும். ஆனாலும் சாத்தினோம்.

நாளாக ஆகக் கண் திரும்பியது. ஒரு அந்தி நேரத்தில், வேலிக்கு அந்தப் பக்கம் நீ துணி எடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. உன் சேலையின் கரை வரைக்கும் தெரிந்தது. கூப்பிட்டுச் சொன்னேன். நீ சிரிக்காமல் உள்ளே போய்விட்டாய். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

உனக்கு மகள் பிறந்தாள். எலிக்குஞ்சு மாதிரி இருந்தாள். உன்னிடம் பால் ஊறவில்லை. கஞ்சித் தண்ணீரைத் துணியில் நனைத்துக் கொடுத்தாய். அந்தப் பிள்ளை தப்பியது கடவுள் புண்ணியம்.

பல வருஷம் கழித்து ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலில் அவள் கல்யாணம் நடந்த அன்றுதான் உன் வீட்டுக்காரர் பழைய கதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தார். உன் பிரசவத்துக்கென்று யாரிடமோ கெஞ்சி ஒரே ஒரு போத்தல் வாங்கி வந்ததையும், அதை என் கண் குடித்துவிட்டதையும் வேடிக்கையாகச் சொன்னார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மணவறையில் உட்கார்ந்திருந்த பெண்ணை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. உன்னைத் தேடிக்கொண்டு வந்தேன். நீ கோயில் பின்கட்டில் வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தாய். பிள்ளை வாயிலிருந்து எடுத்தா எனக்குக் கொடுத்தாய் என்று கேட்டேன். வெட்கமாக இருக்கிறது என்றேன்.

நீ இலையைக் கீழே வைத்தாய்.

"வெக்கப்பட வேண்டியவ நாந்தான்டி. நீ சுவத்தத் தடவிக்கிட்டுப் போறத நான் முன்னாலயே பாத்துட்டேன். போத்தலு அப்பவே வீட்டுல இருந்துச்சு. எம் புள்ளைக்கு வேணுமேன்னு ஒளிச்சு வச்சிருந்தேன். அன்னைக்கு ஆள் இல்லாத பக்கம் நீ கும்பிட்டதப் பாத்த பெறகுதான் கொண்டாந்தேன்."

அதற்குள் யாரோ உன்னைக் கூப்பிட, நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாய். அதற்கப்புறம் எத்தனையோ முறை சந்தித்தோம், அந்தப் பேச்சை நாம் இருவருமே எடுக்கவில்லை.

நீ ஒளித்து வைத்ததில் குற்றம் இல்லை என்று உன்னிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். வயிற்றில் பிள்ளையும் வீட்டில் ஒரே ஒரு போத்தலுமாக உன் இடத்தில் நான் நின்றிருந்தால், வேலி தாண்டி அதைக் கொண்டு வந்திருப்பேனா என்று அன்றிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டு வருகிறேன். ஆமாம் என்று சொல்ல இன்றுவரை எனக்குத் துணிவு வரவில்லை.