அரை ஸ்பூன் சோடா

மே 4

அன்புள்ள வாயாடிக்கு,

உன் மகள் உருண்டை சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் கழுத்து மடிப்பிலும் முதுகிலும் வேர்க்குரு அள்ளிப்போட்டிருக்கிறது. நேற்று முழுக்க அழுகை. பவுடர் போட்டேன், வியர்வையில் குழைந்து மாவாகிவிட்டது. பத்து மாதப் பிள்ளை, பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்? உங்கள் சலவைக்கூட வேன் டிரைவரிடமே பதிலைக் கொடுத்துவிடு.

உன் அக்கா


மே 5, காலை

அக்கா,

பவுடரை யார் கொட்டச் சொன்னது? வியர்வைத் துவாரம் அடைத்துக்கொள்ளும். பெற்றிருந்தால் தெரிந்திருக்கும். குளிர்ந்த தண்ணீரில் அரை ஸ்பூன் சோடா கலந்து, துணியை நனைத்து உடம்பெல்லாம் ஒற்றி எடு. அழுதாலும் விடாதே. இந்த ஒரு தடவையாவது நான் சொல்வதைக் கேள்.

தங்கை


மே 5, மாலை நான்கு மணி

அக்கா, அக்கா,

அந்தச் சோடாவைத் தொடாதே!

இப்போதுதான் விரிப்புகளை ஊறப்போட்டோம். பக்கத்தில் நிற்பவள் கையுறையை மாட்டிக்கொண்டே, "அந்த சோடாவ இங்க தள்ளுடி" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சொன்னது சமையல் சோடா. ஆனால் போன மாதம் பாத்ரூம் அடைப்புக்குக் கொடுத்தனுப்பிய பால்பவுடர் டப்பாவிலும் 'சோடா' என்றுதான் எழுதி ஒட்டினேன். இங்கே எல்லோருக்கும் அதுதான் சோடா. அது காஸ்டிக், அக்கா. தோலை அரித்துவிடும்.

உன் பக்கத்து வீட்டு டெலிபோன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை. பஸ்ஸுக்கு ஓடினேன், போய்விட்டது. அடுத்தது ஆறரைக்கு. வேனும் ஆறுக்குத்தான் திரும்பும். இந்தக் காகிதத்தை யாரிடம் கொடுப்பது? சும்மா உட்கார முடியாமல் எழுதுகிறேன். அழுதாலும் விடாதே என்று வேறு சொல்லித் தொலைத்தேனே. நீ ஒருநாளும் என் பேச்சைக் கேட்டதில்லை. இன்றும் கேட்காதே, அக்கா. உன் காலில் விழுகிறேன்.


மே 5, மதியம்

அன்புள்ள வாயாடிக்கு,

எழுத்து கோணியிருந்தால் திட்டாதே, இடது கையால் எழுதுகிறேன். வேன் திரும்பும்போது இது உன் கைக்கு வரும்.

டிரைவர் கடிதத்தைக் கொடுத்ததும் நீ அனுப்பிய சோடா டப்பாவைத்தான் எடுத்தேன், வீட்டில் சோடா என்று இருப்பது அது ஒன்றுதான். முதலில் ஒரு சிட்டிகையை என் ஈரக் கையில் வைத்துப் பார்த்தேன். நெருப்பு மாதிரி எரிந்தது. உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. "குழாயில பிடிச்சிட்டே நில்லுங்கம்மா" என்று மருந்துக்கடைக்காரர் சொல்லி, அரை மணி நேரம் நின்றேன். இப்போது கட்டுப் போட்டிருக்கிறது. இதைப் பிள்ளைக்கு எப்படிப் போடச் சொன்னாயோ, எனக்குப் புரியவில்லை.

உருண்டைக்கு வெறும் பச்சைத் தண்ணீர்த் துணிதான். சட்டையைக் கழற்றிக் காற்றோட்டமாகப் படுக்கவைத்தேன். சிவப்பு தணிந்திருக்கிறது. வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள், உன்னைப் போலவே.

நீ எழுதியது சரிதான். பெற்றவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது. அதனால்தான் பாலோ தண்ணீரோ மருந்தோ, எதுவானாலும் முதலில் என் கையில் விட்டுப் பார்க்கிறேன்.

உன் அக்கா